இடது குதிகால்

ஜனவரி 9

நாளை காலை குளிர்காலப் பயிற்சி தொடங்குகிறது. வருடத்தின் மிகக் குளிரான நாட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பொழுது விடியுமுன் வெறுங்காலோடு மரத்தரையில் நின்று, ஒருவரையொருவர் மூங்கில் வாளால் அடித்துக்கொள்வது. கெண்டோ என்ற இந்த ஜப்பானிய வாள்வித்தை பழகும் எல்லா ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. பத்து நாளும் தவறாமல் வருபவருக்கு ஒரு கைத்துண்டு தருவார்கள். போன மூன்று வருடமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை முழங்கால், ஒருமுறை அலுவலகம். அலுவலகம் என்றால் கவாய். என் பிரிவுத் தலைவர். என்னைவிட வயதில் இளையவர்.

அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும்படி எங்கள் ஆசிரியர் மியாசாகா சென்செய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். "எந்த மொழியிலும் எழுதலாம். நான் வாங்கிப் படிக்கமாட்டேன்." யாரும் படிக்காததை எழுதுவது எனக்குப் புதிதல்ல. இந்த நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக அறிக்கை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ஹிராபயாஷி இன்றும் தன் வாசல் பனியை என் வாசல் பக்கம் தள்ளியிருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 10

மைனஸ் ஒன்பது.

முதல் வேலை தரை துடைப்பது. குனிந்து, ஈரத்துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓட வேண்டும். சென்செய்க்கு எழுபது தாண்டிவிட்டது. ஏழாம் நிலை. அவரும் துணியோடு ஓடுகிறார். நம் ஊரில் தலைமை ஆசிரியர் ஒருவர் துணியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. துணி போன தடத்தில் ஈரம் மெல்லிய கண்ணாடிபோல உறைந்தது. அதன்மேல்தான் நின்றோம்.

பிறகு இரண்டு வரிசை, எதிரெதிராக. மேளம் அடித்ததும் ஒரு வரிசை ஓர் ஆள் நகரும். யாரோடு மோதுவது என்று தேர்ந்தெடுக்க முடியாது. எதிரே வந்து நிற்பவர் எவரானாலும் வணங்கி, "தயவுசெய்து" என்று கேட்க வேண்டும். முடிந்ததும் வணங்கி நன்றி சொல்ல வேண்டும். அடித்தவனுக்கும் அடி வாங்கியவனுக்கும் ஒரே அளவு வணக்கம்.

இந்த மாட்சுமோட்டோ ஊரில் தமிழ்க் குடும்பம் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது தனுஷ்கோடியுடையது. ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே நிறுவனம். ஐந்து வருடமாகப் பேச்சில்லை. ஆனால் இந்த மண்டபத்தில் நான் அவனுக்கு வணங்கி, ஜப்பானிய மொழியில் தயவுசெய்து என்கிறேன். அவனும் எனக்கு வணங்கித் தயவுசெய்து என்கிறான். மரியாதையான ஜப்பானிய மொழியில் இரண்டு பேர் ஆயுள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த மொழியின் பெருமைகளில் அதுவும் ஒன்று.

அவன் என்னைவிட இரண்டு நிலை மேலே. நான் வருவதற்கு முன்பே இங்கே சேர்ந்தவன். நான் முழங்காலுக்காகச் சேர்ந்தேன். மருத்துவர் சொன்னார். செம்பகம் மட்டும் இதை நம்பவில்லை. "சட்டப்படி அந்த அண்ணன் மண்டைல அடிக்கணும், அதுக்குத்தானே போறீங்க?" என்றாள் அன்றைக்கே. மனைவியாக இருந்தால் எதையும் சொல்லிவிடலாம்.

நாலு வருடத்தில் அவன்மேல் என் அடி ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

ஜனவரி 11

இந்த மூங்கில் வாளைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். ஷினாய் என்பார்கள். நான் பொருளறிவியல் படித்தவன். எதைப் பார்த்தாலும் எப்படி உடையும் என்றுதான் முதலில் யோசிப்பேன். ஒரே கழியாக இருந்தால் இது மண்டையை உடைக்கும். நாலு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, முனையில் ஒரு தோல் உறை, நடுவில் ஒரு தோல் கட்டு. அடி விழும் கணத்தில் பட்டைகள் நாலும் விரிந்து, வளைந்து, வேகத்தைத் தமக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதற்கு முன் மரவாளால் பழகியிருக்கிறார்கள். எதிராளியின் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் வாளை நிறுத்தத் தெரிந்தவனே தேர்ந்தவன். பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ சிலர் மூங்கிலும் கவசமும் கொண்டுவந்தார்கள். பழைய ஆட்கள் கேலி செய்தார்களாம், இது விளையாட்டுச் சாமான் என்று. ஆனால் முதன்முறையாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனை முழு மனத்தோடு, முழு பலத்தோடு அடிக்கலாம், அவனும் மறுநாள் காலை எழுந்து வருவான் என்று ஆயிற்று. யோசித்துப் பார்த்தால் பெரிய கண்டுபிடிப்பு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பதினெட்டு வருடத்தில் இதில் பாதி அறிவோடு எதுவும் செய்யவில்லை.

பயிற்சி முடிந்ததும் இன்னொரு வழக்கம். நம்மோடு மோதிய மூத்தவர் ஒவ்வொருவர் முன்னும் போய் மண்டியிட்டு வணங்க வேண்டும். அவர் நம்மிடம் கண்ட ஒரு குறையைச் சொல்வார். தோள் இறுகியிருக்கிறது, பார்வை கீழே போகிறது, இப்படி ஏதாவது. அதற்கு நன்றி சொல்லி மறுபடி வணங்க வேண்டும். ஓஸாவா என்ற மருந்துக்கடைக்காரம்மா, என் தோளுயரம்கூட இல்லை, இன்று என்னிடம் "அடிக்கப் போகிறீர்கள் என்பது உங்கள் முகத்தில் முதலிலேயே தெரிந்துவிடுகிறது" என்றார். முகக்கவசத்தின் கம்பிக்குப் பின்னாலும் தெரிகிறதாம்.

தனுஷ்கோடி முன்னும் போய் வணங்கினேன். அவன் எல்லோருக்கும் குறை சொல்கிறான். விளக்கமாக, கையைக் காட்டிச் சொல்கிறான். எனக்கு மட்டும் நாலு வருடமாக ஒரே பதில்: "சொல்ல ஒன்றுமில்லை." மிக மரியாதையான ஜப்பானிய மொழியில்.

குறை சொல்லக்கூடத் தகுதியில்லாதவன் என்று பொருள்.

ஜனவரி 12

பனி. வாரினேன். குதிகாலில் வெடிப்பு. செம்பகம் விளக்கெண்ணெய் எடுத்து வைத்திருந்தாள். அலுவலகம் பற்றி எழுத எதுவுமில்லை.

ஜனவரி 13

பயிற்சிக்கு முன் சென்செய் அறிவித்தார்: தனுஷ்கோடி மாத முடிவில் ஊருக்குத் திரும்புகிறான். குடும்பத்தோடு, ஒரேயடியாக. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேலையாம். எல்லோரும் வருத்தமாக ஒரு "ஓ" போட்டார்கள். நான் போடவில்லை.

கடைசி நாள் போட்டி உண்டு. சிவப்பு அணி, வெள்ளை அணி, முதல் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. யார் யாரோடு என்று சென்செய் சுவரில் ஒட்டினார். என் பெயருக்கு எதிரே அவன் பெயர்.

ஆக, ஒரே ஒரு சந்தர்ப்பம். மூன்று நடுவர்கள், கொடி, எல்லோரும் பார்க்க. ஒரு சுத்தமான அடி. அதற்குப் பிறகு அவன் முன் போய் உட்காருவேன். அப்போதும் சொல்ல ஒன்றுமில்லை என்கிறானா பார்ப்போம்.

ஐந்து வருடத்துக்கு முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பீங்கான் பூச்சு ஒன்றை நான் உருவாக்கியிருந்தேன். பிரிவுத் தலைவர் பதவி ஏறக்குறைய என் கையில். அறிக்கை வைத்த கூட்டத்தில், அத்தனை ஜப்பானியர் முன்னால், இவன் எழுந்து, "இந்தச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்வது நல்லது" என்றான். அவ்வளவுதான். பதவி கவாய்க்குப் போயிற்று. பூச்சு பிறகு உரிந்தது என்பது வேறு விஷயம். என் வாதம் என்னவென்றால், என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் மாலை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான்தான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன், நேரமில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். வேண்டுமென்றால் காத்திருந்திருக்கலாமே.

ஜனவரி 14

இன்று ஒரு விஷயம் பார்த்தேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், பருமனானவர், ஓஸாவாவின் தலையில் அருமையாக ஓர் அடி அடித்தார். யாருக்கும் எளிதில் கிடைக்காத அடி. அவருக்கே நம்ப முடியவில்லை. வாளைத் தாழ்த்தி, நண்பர்கள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. சென்செய் கையை வீசிக் காட்டினார்: செல்லாது.

"அடி நன்றாகத்தான் இருந்தது," என்றார் சென்செய். "ஆனால் அடித்தபின் நீங்கள் அங்கே இல்லை. அடித்த பிறகும் எதிராளி முன் அதே கவனத்தோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் அது அடியே அல்ல."

சந்தோஷப்பட்டதற்காகப் புள்ளியைப் பிடுங்கிக்கொள்ளும் விளையாட்டு உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. நம் ஆட்கள் ஒரு விக்கெட் விழுந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். கவாய் பதவி கிடைத்த அன்று எல்லோருக்கும் விருந்து வைத்தார். இந்த விதியை அலுவலகங்களுக்கும் கொண்டுவர வேண்டும்.

பிறகு சென்செய் என் பக்கம் திரும்பினார். சங்கர நயினார் என்ற என் பெயரில் பாதிதான் இங்கே எல்லோர் வாயிலும் நுழைகிறது. "ஷங்கரா-சான், உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. உங்களுக்குக் குரலே வரவில்லை. வாள், கால், குரல் மூன்றும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். உங்கள் குரல் கூட்டத்தில் பேச அனுமதி கேட்பதுபோல வருகிறது."

எல்லோரும் சிரித்தார்கள். தனுஷ்கோடி சிரிக்கவில்லை. அதையும் கவனித்தேன்.

அவனுக்குக் குரலில் குறையே கிடையாது. வாள் எடுத்ததும் அவரவர் வாயில் வருவதைக் கத்தலாம் என்பது முறை. அவன் "ஏலேய்ய்!" என்று கத்துகிறான். ஓடு அதிர்கிறது. ஜப்பானியர்கள் அதை ஏதோ பழங்காலப் போர் முழக்கம் என்று நினைத்து மதிக்கிறார்கள். தெருவில் சைக்கிளில் போகிறவனைக் கூப்பிடும் சத்தம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை.

ஜனவரி 15

மணிக்கட்டைக் குறிவைத்தேன். கையுறையில் விழ வேண்டியது, அதற்கு மேலே, வெறும் முன்கையில் விழுந்தது. மூங்கில் சதையில் விழும் சத்தம் தனி. ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஜப்பானிய மொழியில் பரவாயில்லை என்றான். அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னொன்று. வேண்டுமென்று செய்யவில்லை. எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மாலையில் செம்பகம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்:

"தனுஷ்கோடி அண்ணனுக்குக் கை வீங்கிப் போச்சாம்லா. முழுக்கைச் சட்டை போடவே முடியலையாம்."

"உனக்கு யார் சொன்னது?"

"பாக்கியம்தான். அவங்க வீட்டம்மா."

"நீ அந்த வீட்டோட பேசுறியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பனில, இந்த ஊர்ல, அஞ்சு வருசமா கறிவேப்பிலை போட்டு ரசம் வைக்கேன். அது எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க? சூப்பர் மார்க்கெட்லயா?"

நான் நினைத்ததே இல்லை.

"அவங்க வீட்டு ஹாலுக்குள்ள தொட்டில வச்சு வளக்காங்க. குளிருக்கு அதுக்குத் தனியா ஹீட்டர் வேற. வாராவாரம் ஒரு கொத்து வரும். வேண்டாம்னா சொல்லுங்க, பெருங்காயத்தோட நிறுத்திக்கிடுதேன்."

ரசம் நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

ஜனவரி 16

இன்று முழுக்கத் தலையை மட்டுமே குறிவைத்தேன். உத்திதான். மணிக்கட்டு சிறிய இலக்கு, தவறும் வாய்ப்பு அதிகம்.

முடிந்தபின் சென்செய் முன் போய் உட்கார்ந்தேன்.

"அவருடைய வலது மணிக்கட்டு ஏழெட்டு முறை திறந்து கிடந்தது," என்றார். "நீங்கள் பார்த்தீர்கள். அடிக்கவில்லை."

"தலையடியைப் பழகிக்கொண்டிருந்தேன்."

"அவர் வலியோடு வருகிறார். வருவதென்று முடிவு செய்து வருகிறார். நீங்கள் அடிக்காமல் விட்டால் அந்த முடிவை மதிக்கவில்லை என்று ஆகும்."

எனக்குக் கோபம் வந்தது. அவனை மதிப்பதா மதிக்காமலிருப்பதா என்பது என் விருப்பம். ஆனால் மண்டியிட்டிருக்கும்போது கோபத்தைக் காட்ட வழியில்லை. நன்றி சொல்லி வணங்கினேன். அந்த உட்காரும் முறையைக் கண்டுபிடித்தவனுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எழுவதற்குள் சென்செய் இன்னொன்று சொன்னார். போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் கெண்டோவுக்குத் தடை போட்டார்கள் அல்லவா, அப்போது நடந்தது. அவர் அப்பா கவசங்களை, மிஸோ என்ற சோயா விழுது வைக்கும் பழைய பீப்பாய்களுக்குள் வைத்து மூடிவிட்டார். இந்த மண்டபத்தில் வைக்கோல் அடுக்கினார். பக்கத்து வீட்டுக்காரரும் அவரும் வைக்கோலுக்குப் பின்னால் பயிற்சி செய்வார்களாம். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதால் வாயைத் திறக்காமல். தடை நீங்கி எல்லோரும் திரும்பக் கூடிய முதல் நாள், அப்பா வாளை எடுத்தார், குரல் வரவில்லை. கத்த நினைத்தும் முடியவில்லை. பேசாமலே பழகிவிட்டிருந்தது. பழையபடி குரல் வர ஒரு வருடத்துக்குமேல் ஆயிற்றாம்.

"அந்தக் கவசத்தில் கடைசிவரை மிஸோ வாசனை போகவில்லை," என்றார் சென்செய். இதை என்னிடம் எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜனவரி 17

மைனஸ் பதினொன்று. தனுஷ்கோடிக்கு ஒரு மணிக்கட்டு அடி. கையுறையிலேயே விழுந்தது. ஆனால் குரல் இல்லை.

ஜனவரி 18

தரை துடைக்கும்போது சென்செய்யும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஓடினோம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கேட்டேன், எட்டாம் நிலைத் தேர்வுக்கு இந்த வருடமும் போகிறாரா என்று. அது நூறு பேர் போனால் ஒருவர் தேறும் தேர்வு. எல்லோரும் ஏழாம் நிலையில் பத்து வருடமாவது இருந்தவர்கள். நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள், சில நிமிட மோதல் இரண்டு, மாலையில் பலகையில் எண்களை ஒட்டுவார்கள். தன் எண் இல்லாதவர்கள் கவசப் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவார்கள்.

"மே மாதம் கியோத்தோவில். போகிறேன்."

"இதுவரை எத்தனை முறை?"

"எண்ணுவதை விட்டு நாளாகிவிட்டது."

"நடுவர்கள் யாராவது உங்களுக்கு வேண்டாதவர்களா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் வேறு சொற்களில் திரும்பக் கேட்டேன். புரிந்ததும் சிரித்தார். அவர் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். வகுப்பில் ஒரு பையன் விசித்திரமான விடை எழுதினால் இப்படித்தான் சிரித்திருப்பார்.

"ஷங்கரா-சான், அவர்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள். எனக்கு என் முதுகு தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பது பெரிய வசதி. அதற்காகத்தான் ரயில் டிக்கெட்."

பிறகு துணியைப் பிழிந்துகொண்டு மறுபடி ஓடத் தொடங்கினார். நான் ஒரு பதவி கிடைக்காததை ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். அந்தக் கிழவர் எத்தனையோ தோல்விகளை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதை எழுதாமலிருக்க முடியாது.

நாளை போட்டி. கையுறையின் உட்புறத்தைத் தைத்தேன். ஷினாயின் பட்டைகளைப் பிரித்து, எண்ணெய் தடவி, சிலாம்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் கட்டினேன். பிளாஸ்டிக் குப்பை நாளையா நாளை மறுநாளா என்று செம்பகத்திடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 19

வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் முறை வந்தது. என் முதுகில் சிவப்பு நாடா, அவன் முதுகில் வெள்ளை. வணங்கி, மூன்று அடி வைத்து, வாளை உருவி, குந்தி எழுந்தோம். அவன் "ஏலேய்ய்!" என்றான். நானும் வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்பதை எழுதப்போவதில்லை. அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சண்டை போட்ட காலத்தில் புழங்கிய சொல். ஓட்டில் இருந்த பனி சரிந்து விழுந்தது. செம்பகம் சுவரோரம் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. வாள் முனைகள் தொட்டுத் தொட்டு விலகின. அவன் நன்றாக நிற்கிறான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் கபடி ஆடும்போதே அப்படி, அவசரமே இருக்காது. அவன் தலைக்கு வரத் தொடங்கினான், கை உயர்ந்தது, வலது மணிக்கட்டு திறந்தது. நான் யோசிக்கவில்லை. "கொத்தே!" என்று, அடிக்கும் இடமான மணிக்கட்டின் பெயரை, கத்தியது எனக்கே கேட்டது. காலும் வாளும் குரலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. கையுறையின் நடுவில், பளிச்சென்று. அடித்த கையில் ஒரு அதிர்வுமில்லை. மூங்கில் நாலும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டன.

மூன்று சிவப்புக் கொடியும் மேலே போயின.

அதே நேரம் கம்பிக்குப் பின்னாலிருந்து, "ஸ்ஸ்... யம்மா" என்றது. சத்தமாக இல்லை. எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அடித்த வேகத்தில் அவனைத் தாண்டிப் போய்த் திரும்பி, வாளை அவன் கழுத்துக்கு நேராக நீட்டி நிற்க வேண்டும். அதுதான் முறை. நான் நின்றுவிட்டேன். வாள் முனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டி அவன் முழங்கைப் பக்கம் பிடித்திருந்தேன்.

"வலிக்காலே?" என்றேன்.

"பேசாதல," என்றான் கம்பிக்குள்ளிருந்து. "ஆட்டம் நடக்கு. வாளைத் தூக்கு."

நடுவர்கள் நடுவில் கூடிப் பேசினார்கள். நீண்ட நேரம் ஆகவில்லை. கொடிகளைக் கீழே குறுக்காக ஆட்டினார்கள்: செல்லாது.

மறுபடி தொடக்கம். நான் சரியாக நிற்பதற்குள் அவன் என் தலையில் அடித்தான். முழு பலத்தோடு. கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று போயிற்று. மூன்று வெள்ளைக் கொடி. அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போய், திரும்பி, வாளை நீட்டி, வீங்கிய கையோடு அசையாமல் நின்றான். அழகாக இருந்தது. அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

கவனம் சிதறியதால் ஒரு புள்ளியை இழந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

எல்லாம் முடிந்து வரிசையாக உட்கார்ந்தோம். ஒவ்வொருவராகப் போய் வணங்கிக்கொண்டு வந்தேன். அவன் முன் மண்டியிட்டேன். ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னேன். வழக்கமான பதிலுக்காகத் தலையைக் குனிந்தபடி இருந்தேன்.

"இடது குதிகால் தரையில படுது," என்றான். தமிழில்.

"என்னது?"

"பின்னங்கால் குதி தூக்கியே இருக்கணும். நீ அடிக்கதுக்கு முன்னால அதைத் தரையில வைக்க. அங்கதான் உனக்கு எல்லாம் பிந்துது. குரல் பிந்துததும் அதனாலதான். இன்னைக்கு அந்த ஒரு அடியில மட்டும் வைக்கல. நாலு வருசமா பாத்துட்டு இருக்கேன்."

"நாலு வருசமா பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லலியேலே?"

"போன தடவை உங்கிட்ட ஒரு குறை சொன்னேன், நயினார். அஞ்சு வருசம் பேசாம இருந்த." கையுறையைக் கழற்ற முயன்றான்; விரல் மடங்கவில்லை. "இதையும் சொல்லி, நீ இங்க வாரதையும் நிறுத்திட்டன்னா நான் யாரைப் பாத்து ஏலேய்னு கத்துவேன்? இவங்களையா?"

நான் கையுறையின் கயிற்றைப் பிரித்துவிட்டேன். பின்னால் ஓஸாவா தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க வேண்டும். கால் மரத்துப் போயிருந்தது. அதனால்தான் உடனே எழவில்லை.

சென்செய் வீட்டில் எல்லோருக்கும் சிவப்புப் பயறுப் பாயசம் கொடுத்தார்கள். பத்து நாளும் வந்தவர்களுக்குக் கைத்துண்டு கொடுத்தார்கள். வாங்கிய உடனே முகம் துடைத்துக்கொண்டேன். நிறைய வியர்த்திருந்தது.

ஜனவரி 20

பிளாஸ்டிக் குப்பை இன்றுதான். ஹிராபயாஷி காலையில் வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும், தன் இடுப்பு வலியால் பனியைத் தூக்கிப் போட முடியவில்லை, தள்ளத்தான் முடிகிறது, மன்னிக்க வேண்டும் என்றார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் எப்போதும் அவசரமாகப் போவதுபோல் இருந்ததாம்.

அவருடைய வாசலையும் சேர்த்து வாரினேன்.

ஜனவரி 31

பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். செம்பகம் போக வேண்டும் என்றாள், தனியாக அனுப்ப முடியாது. பெட்டிகள் கனம். அவன் கைக்கு அது ஆகாது என்பதால் நான் தூக்கி வைத்தேன்.

"கவாய்ட்ட சண்ட போடாதல," என்றான்.

"நீ உன் வேலையப் பாரு."

"குதிகால்."

"தெரியும்."

"தெரியாது. உனக்கு எப்பிடித் தெரியும்? பின்னால இருக்கு. செம்பகத்தை வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பு."

பேருந்து கிளம்பியது. ஜன்னல் முழுக்க மூச்சுப் புகை. அவன் கை மட்டும் ஒருமுறை துடைப்பது தெரிந்தது. பேசாமல் இருந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. பாதியில் நிறுத்திவிட்டேன். கணக்கில் எனக்கு ஈடுபாடு குறைந்து வருகிறது.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. ஹீட்டரோடு.

பிப்ரவரி 8

கவசம் இல்லாமல், மூங்கில் வாளோடு மட்டும் வீட்டுக்குள் பயிற்சி. சமையலறையிலிருந்து வாசல்வரைதான் இடம். இடது குதிகாலுக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டேன். குதி இறங்கினால் தாளில் தடம் விழும். தடம் இல்லை. குரல் தாராளமாக வருகிறது. "ஏலேய்" என்று கத்திப் பார்த்தேன். ஹிராபயாஷி வெளியே வந்து ஏதாவது ஆபத்தா என்று விசாரித்தார்.

பிப்ரவரி 15

இன்று மண்டபத்தில் எனக்கு எதிரே ஓஸாவா, பிறகு வங்கிக்காரர், பிறகு சென்செய். மேளம் அடிக்க அடிக்க வரிசை நகர்ந்தது. ஓர் ஆள் குறைந்ததால் ஒரு சுற்றில் எனக்கு எதிரே யாரும் வரவில்லை. முறைப்படி அந்த இடத்துக்கும் வணங்கி நின்றேன்.

குதிகால் படவில்லை என்றுதான் நினைக்கிறேன். செம்பகம் மண்டபத்துக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, காலை மட்டும் வீடியோ எடுத்தாள். தூத்துக்குடிக்கு அனுப்பினோம். அவனுக்குக் கல்லூரியில் வகுப்பு இருக்கும், பதில் வர நாளாகும் என்று சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஒரே வார்த்தை.

"படுது."